‘கெட்’ பழகலாம் வாங்க: பொருள் அடுத்த சொல்லில் இருக்கிறது

ஆங்கிலம் பேசப் பழகுகிறவர்களைப் பெரிய சொற்கள் அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. பெரிய சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான்; அகராதியைப் பார்த்தால் முடிந்தது. ‘கெட்’ (get) அப்படி இல்லை. மூன்றே எழுத்துக்கு அகராதியில் பத்தி பத்தியாக விளக்கம் ஓடும். கிடைப்பது, வாங்குவது, ஆவது, போய்ச் சேர்வது, புரிந்துகொள்வது, செய்ய வைப்பது, எழுந்திருப்பது, இறங்குவது என்று போய்க்கொண்டே இருக்கும். இதையெல்லாம் மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால், பத்தாவது பொருளுக்கு வரும்போது முதல் பொருள் மறந்திருக்கும்.

மனப்பாடம் வேண்டாம். ‘கெட்’ காதில் விழுந்ததும் அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்து என்ன வருகிறது என்று கவனியுங்கள். ஒரு பொருளின் பெயரா? ‘டயர்ட்’, ‘ஆங்ரி’ போல நிலையைச் சொல்லும் சொல்லா? ஓர் இடமா? இன்னொரு வினையா? ‘அப்’, ‘ஆஃப்’ போன்ற துண்டுச் சொல்லா? இந்த ஐந்தில் எது என்று தெரிந்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. கீழே அதே வரிசையில்தான் போகப்போகிறோம்; வினைக்கு மட்டும் இரண்டு படிகள்.

அதற்கு முன் ஒன்று. ‘கெட்’ எங்கே வந்தாலும் அடியில் ஒரு மாற்றம் இருக்கும். இல்லாதது வந்தது, அங்கே இருந்தவர் இங்கே வந்தார், சும்மா இருந்தவர் கோபமானார். “ஐ ஹேவ் எ கோல்ட்” என்றால் எனக்குச் சளி இருக்கிறது. “ஐ காட் எ கோல்ட்” என்றால் சளி பிடித்துவிட்டது. “ஐ ஆம் மேரீட்” என்றால் நான் திருமணமானவன். “ஐ காட் மேரீட் இன் 2015” என்றால் 2015-இல் எனக்குத் திருமணம் நடந்தது. இருப்பதைச் சொல்ல ‘ஹேவ்’, ‘பி’ (அதாவது ஆம், இஸ், ஆர்). வந்ததையும் ஆனதையும் சொல்ல ‘கெட்’.

முதலில் வடிவமும் உச்சரிப்பும்

நிகழ்காலம் ‘கெட்’, இறந்தகாலம் ‘காட்’. ‘ஹேவ்’ என்பதற்குப் பின்னால் வரும் மூன்றாவது வடிவம் இங்கிலாந்தில் ‘காட்’, அமெரிக்காவில் ‘காட்டன்’. உடம்பு தேறியிருக்கிறது என்பதை லண்டன்காரர் “ஷி ஹேஸ் காட் பெட்டர்” என்பார், நியூயார்க்காரர் “ஷி ஹேஸ் காட்டன் பெட்டர்” என்பார். ‘காட்டன்’ அமெரிக்கர்கள் கண்டுபிடித்த புது வடிவம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது இங்கிலாந்திலேயே புழங்கிய பழைய வடிவம்தான். அங்கே வழக்கொழிந்தது, கடல் தாண்டிப் போன இடத்தில் நிலைத்துவிட்டது. ‘ஃபர்காட்டன்’ என்ற சொல்லில் அதே வால் இரண்டு நாட்டிலும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சொல்லே இங்கிலாந்தில் பிறந்ததல்ல. 9-ஆம் நூற்றாண்டு முதல் அந்நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியில் ‘கெட்டா’ என்று இருந்ததுதான் இப்படி ஆனது. ‘டேக்’, ‘தே’ போன்றவையும் அவர்கள் கொண்டுவந்தவைதான்.

தமிழ் எழுத்தில் ‘காட்’ என்று எழுத வேண்டியிருந்தாலும் வாயில் நெடிலாக இழுக்காதீர்கள். சட்டென்று வெட்டி நிறுத்துங்கள். இழுத்துக் கடைசி ஒலியையும் மென்மையாக்கினால் கேட்பவருக்குக் கடவுளாகிவிடும். அமெரிக்கப் பேச்சில் ‘கெட் இட்’ என்பது ‘கெடிட்’ போலக் கேட்கும்; நடுவில் வரும் ‘ட்’ மழுங்கிவிடும். அதைப் பின்பற்ற வேண்டிய கட்டாயம் இல்லை, கேட்டால் அடையாளம் தெரிந்தால் போதும்.

நம்மவர்கள் அதிகம் செய்யும் பிழை உச்சரிப்பில் இல்லை, ‘டிட்’ வரும் இடத்தில் இருக்கிறது. “டிட் யூ காட் மை மெசேஜ்?” தவறு. ‘டிட்’ ஏற்கெனவே இறந்தகாலத்தைச் சொல்லிவிட்டது. “டிட் யூ கெட் மை மெசேஜ்?” என்று கேளுங்கள். “ஐ டிடின்ட் காட்” என்பதும் அதே கதைதான். “ஐ டிடின்ட் கெட் இட்” என்பதே சரி.

படி 1: அடுத்து ஒரு பொருளின் பெயர் வந்தால்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போகலாம். தமிழர்களுக்கு ‘கெட்’ வழுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

“எனக்கு வேலை கிடைத்தது” என்கிறோம். நம் வாக்கியத்தில் எழுவாய் வேலை. நான் ‘எனக்கு’ என்று ஓரமாக நிற்கிறேன். ஆங்கிலத்தில் நான்தான் எழுவாய்: “ஐ காட் எ ஜாப்.” தமிழை அப்படியே மாற்றி “தி ஜாப் காட் டு மி” என்று சொன்னால் அதுவும் ஓர் ஆங்கில வாக்கியம்தான், ஆனால் அந்த வேலை என்னைப் படுத்தி எடுத்துவிட்டது என்று பொருள்படும். வேலை கிடைத்த மகிழ்ச்சியில் இருப்பவர் இப்படிச் சொன்னால் கேட்பவர் ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

கடை விஷயத்திலும் இதே சிக்கல். “இங்கே பால் கிடைக்கும்” என்பதை “மில்க் இஸ் கெட்டிங் ஹியர்” என்று சொல்பவர்கள் உண்டு. பால் எதையும் பெறுவதில்லை. பெறுபவர் வாங்க வந்தவர். “யூ கேன் கெட் மில்க் ஹியர்” என்று ஆளை முன்னால் வையுங்கள். ‘கு’ உருபோடு வரும் எனக்கு, உனக்கு, அவருக்கு எல்லாம் ‘கெட்’ வாக்கியத்தில் ஐ, யூ, ஹி என்று தலையில் வந்து உட்காரும். “அவளுக்குத் தலைவலி வந்தது” என்பதற்கு “ஷி காட் எ ஹெட்ஏக்”. “தம்பிக்கு நல்ல மார்க்” என்பதற்கு “மை பிரதர் காட் குட் மார்க்ஸ்”. இதைக் கொஞ்ச நாள் வேண்டுமென்றே செய்து பாருங்கள், அப்புறம் தானாக வரும்.

சரி, பெயர்ச்சொல் வந்துவிட்டது. கிடைத்ததா, வாங்கியதா, எடுத்து வந்ததா என்று எப்படித் தெரியும்? அந்தப் பொருளே சொல்லிவிடும். கடிதம், போன் அழைப்பு, சம்பளம், திட்டு எல்லாம் தானாக நம்மிடம் வருபவை. அங்கே ‘காட்’ என்றால் கிடைத்தது, வாங்கிக்கட்டிக்கொண்டேன் என்ற பொருள். புடவை, காய்கறி, டிக்கெட் என்றால் காசு கொடுத்து வாங்கியது. “வேர் டிட் யூ கெட் தட் சாரி?” என்ற கேள்வி எந்தக் கடையில் எடுத்தீர்கள் என்பதுதான். தண்ணீர், நாற்காலி, கண்ணாடி என்றால் போய் எடுத்து வருவது: “கெட் மி எ கிளாஸ் ஆஃப் வாட்டர், ப்ளீஸ்.” இதில் ‘எனக்கு’ என்பதை நினைத்துக்கொண்டு “கெட் டு மி” என்று சொல்லிவிடக் கூடாது, வெறும் ‘மி’ போதும்.

சில நேரம் பொருளை வைத்தும் தீர்மானிக்க முடியாது. “ஐ காட் எ வாட்ச்” என்றால் வாங்கியதாகவும் இருக்கலாம், யாரோ கொடுத்ததாகவும் இருக்கலாம். வேறுபாடு முக்கியமென்றால் ஒரு வால் சேருங்கள்: “ஃப்ரம் மை அங்கிள்” என்றால் மாமா கொடுத்தது. அப்படியும் தெளிவு போதவில்லை என்று பட்டால் ‘பாட்’ என்று வாங்கியதைச் சொல்லிவிட்டுப் போகலாம். எல்லா இடத்திலும் ‘கெட்’ போட்டே தீர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

வீட்டிலும் ஓட்டலிலும் வரும் மூன்று வாக்கியங்களைத் தனியாகத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். போன் அடிக்கும்போது “கேன் யூ கெட் தி ஃபோன்?” என்றால் போய்ப் போனை எடு என்று பொருள், புது போன் வாங்கித் தரச் சொல்லவில்லை. அழைப்பு மணி அடித்தால் “ஐல் கெட் தி டோர்”, நான் போய்க் கதவைத் திறக்கிறேன். சாப்பிட்டு முடித்து பில் வரும்போது “ஐல் கெட் திஸ்” என்று யாராவது சொன்னால் பணம் அவர் கொடுக்கிறார். நீங்கள் மரியாதைக்கு ஒருமுறை மறுத்துவிட்டு விடலாம். காபிக் கடையில் “கேன் ஐ கெட் எ காஃபி?” என்று கேட்பது அமெரிக்காவில் சர்வசாதாரணம். இங்கிலாந்தில் மூத்தவர்கள் சிலருக்கு இது காதில் உறுத்தும், அவர்களிடம் “குட் ஐ ஹேவ் எ காஃபி?” என்று கேட்டால் நல்ல பிள்ளை ஆகிவிடலாம்.

புரிவதும் இந்த வகைதான். விஷயம் கைக்கு வந்து சேர்வது. “ஐ டோன்ட் கெட் இட்”, எனக்குப் புரியவில்லை. “காட் இட்”, புரிந்தது. ஒருவர் ஜோக் சொல்லி எல்லாரும் சிரித்து, நீங்கள் மட்டும் முழித்தால் “யூ டிடின்ட் கெட் தி ஜோக்” என்பார்கள். நம் ஊரில் வழங்கும் “ஐ ஆம் நாட் கெட்டிங் யூ” இந்திய ஆங்கிலம். நமக்குள் பேசும்போது யாருக்கும் குழப்பம் வராது. வெளிநாட்டவரிடம் பேசினால் “ஐ டோன்ட் ஃபாலோ” என்பது சுலபமாகப் போய்ச் சேரும்.

படி 2: நிலையைச் சொல்லும் சொல் வந்தால்

இது எளிது. ‘ஆகு’ என்ற நம் வினையை நினைத்துக்கொண்டால் போதும். “இட்ஸ் கெட்டிங் லேட்”, நேரமாகிறது. “இட்ஸ் கெட்டிங் டார்க்”, இருட்டிக்கொண்டு வருகிறது. “யுவர் காஃபி இஸ் கெட்டிங் கோல்ட்”, காபி ஆறுகிறது. “டோன்ட் கெட் ஆங்ரி”, கோபப்படாதே. உடம்பு சரியில்லாதவருக்கு அனுப்பும் ‘கெட் வெல் சூன்’ வாழ்த்தும் இந்த வகைதான். தமிழில் ‘வர வர’ என்று தொடங்கும் வாக்கியங்களுக்கு இங்கே அழகான வழி ஒன்று உண்டு: ஒப்பீட்டுச் சொல்லை இரண்டு முறை சொல்வது. வர வர வெயில் கூடுகிறது என்பதற்கு “இட்ஸ் கெட்டிங் ஹாட்டர் அண்ட் ஹாட்டர்”.

பள்ளியில் ஆகு என்பதற்கு ‘பிகம்’ என்று படித்திருப்போம். அதுவும் சரிதான், ஆனால் “ஐ பிகேம் ஆங்ரி” கொஞ்சம் புத்தக வாடை அடிக்கும். பேச்சில் “ஐ காட் ஆங்ரி”. ஓர் இடத்தில் ‘பிகம்’ கட்டாயம்: அடுத்து வருவது தொழில், பதவி போன்ற பெயர்ச்சொல் என்றால். அவர் டாக்டர் ஆனார் என்பதற்கு “ஹி பிகேம் எ டாக்டர்”. “ஹி காட் எ டாக்டர்” என்றால் அவர் போய் ஒரு டாக்டரை அழைத்து வந்தார். படி 1 இங்கே வந்து குறுக்கிடுகிறது பாருங்கள். அடுத்து பெயர்ச்சொல் வந்துவிட்டது.

கெட்டுப்போவது, நரைப்பது, பார்வை போவது போன்ற சிலவற்றுக்கு ‘கோ’ வரும். “தி மில்க் வென்ட் பேட்”, “ஹிஸ் ஹேர் வென்ட் க்ரே”. தமிழிலும் பால் கெட்டுப் ‘போகிறது’ அல்லவா, அதனால் இது நமக்குக் கஷ்டமில்லை.

படி 3: இடம் வந்தால், வண்டி வந்தால்

இடம் வந்தால் போய்ச் சேர்வது. நடுவில் ‘டு’ வேண்டும்: “வி காட் டு மதுரை அட் சிக்ஸ்.” வீடு, இங்கே, அங்கே ஆகிய மூன்றுக்கும் ‘டு’ கிடையாது. “ஐ காட் ஹோம்”, “ஷி காட் ஹியர் எஸ்டர்டே”, “வென் வில் யூ கெட் தேர்?” இதில் ‘கெட் டு ஹோம்’ என்பதுதான் அடிக்கடி கேட்கும் பிழை.

வழி கேட்பதற்கு இதைவிட நல்ல வாக்கியம் கிடையாது: “ஹவ் டூ ஐ கெட் டு எக்மோர் ஸ்டேஷன்?” பலர் “ஹவ் டு கோ எக்மோர்?” என்கிறார்கள். வழி சொல்லிவிடுவார்கள், பிரச்சினை இல்லை. ஆனால் முழுக் கேள்விக்கு ‘டூ ஐ’ வேண்டும். வந்து சேர்ந்ததும் “ஐ ரீச்ட்” என்று மட்டும் மெசேஜ் அனுப்புவது நம் பழக்கம். வெளிநாட்டவருக்கு எங்கே என்று சொல்லாமல் பாதியில் நிற்பது போலத் தோன்றும். “ஐ காட் ஹோம்” அல்லது “ஐ ரீச்ட் ஹோம்” என்று முடித்துவிடுங்கள்.

வண்டிக்கு வருவோம். பஸ், ரயில், விமானம், கப்பல் என்றால் ஏறுவது ‘கெட் ஆன்’, இறங்குவது ‘கெட் ஆஃப்’. கார், டாக்ஸி, ஆட்டோ என்றால் ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. எப்படி ஞாபகம் வைப்பது? உள்ளே எழுந்து நின்று நடக்க முடிகிற வண்டிக்கு ‘ஆன்’. குனிந்து நுழைந்து நேராக இருக்கையில் உட்கார வேண்டிய வண்டிக்கு ‘இன்’. சைக்கிள், பைக், குதிரை இவற்றுக்குள் நுழைய வழியே இல்லை, மேலேதான் உட்கார வேண்டும், ஆகவே ‘ஆன்’. காரில் இருந்து இறங்குவதை முழுதாகச் சொன்னால் ‘கெட் அவுட் ஆஃப் தி கார்’. மனிதரைப் பார்த்து வெறுமனே “கெட் அவுட்!” என்றால் வெளியே போ என்று விரட்டுவதாகும். வாடகை வண்டிக்காரர் உங்களிடம் அதையே அமைதியாகச் சொன்னால் கோபிக்காதீர்கள், இடம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

‘கெட் டவுன்’ பற்றி ஒரு வார்த்தை. கிண்டியில் இறங்க வேண்டும் என்பதை “ஐ ஹேவ் டு கெட் டவுன் அட் கிண்டி” என்று சென்னைப் பஸ்ஸில் தாராளமாகச் சொல்லலாம். இந்திய ஆங்கிலத்தில் வேரூன்றிவிட்ட பயன்பாடு இது; அதைத் தவறு என்று திருத்த நான் வரமாட்டேன். ஐஈஎல்டிஎஸ் போன்ற தேர்விலும், இங்கிலாந்து, அமெரிக்கா போன பிறகும் மட்டும் ‘கெட் ஆஃப்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே ‘கெட் டவுன்’ என்றால் மரத்திலிருந்தோ மேசை மேலிருந்தோ இறங்கு, குனிந்துகொள் என்ற பொருள்தான் முதலில் தோன்றும்.

படி 4: மூன்றாம் வடிவ வினை வந்தால்

‘மேரீட்’, ‘லாஸ்ட்’, ‘செலக்டட்’, ‘ட்ரான்ஸ்ஃபர்ட்’ போன்றவை ‘கெட்’டுக்குப் பின்னால் வந்தால் நமக்கு அது நடந்தது என்று பொருள். “ஹி காட் ட்ரான்ஸ்ஃபர்ட் டு சேலம்”, அவருக்குச் சேலத்துக்கு மாற்றலாகிவிட்டது. “வி காட் லாஸ்ட்”, வழி தவறிவிட்டோம். “தே காட் மேரீட் லாஸ்ட் வீக்.” யாரோடு திருமணம் என்று சொல்ல வேண்டுமென்றால் ‘வித்’ வராது, ‘டு’ வரும்: “ஷி காட் மேரீட் டு ஹெர் கசின்.” தமிழில் ‘ஓடு’, ‘உடன்’ என்று வருவதால்தான் ‘வித்’ நம் நாக்கில் வந்து நிற்கிறது. தேர்வு முடிவு சொல்லும்போது “ஐ காட் பாஸ்”, “ஐ காட் ஃபெயில்” என்று ‘காட்’ சேர்ப்பதையும் விட்டுவிடலாம். “ஐ பாஸ்ட்”, “ஐ ஃபெயில்ட்” என்றாலே போதும்.

‘கெட்’டுக்கும் அந்த வினைக்கும் நடுவில் ஒரு பொருள் புகுந்தால் விஷயம் மாறுகிறது. அப்போது பெரும்பாலும் வேலையைச் செய்தது நானில்லை, ஆளை வைத்துச் செய்தேன். “நேற்று வண்டியை ரிப்பேர் பண்ணினேன்” என்று தமிழில் சாதாரணமாகச் சொல்கிறோம். மெக்கானிக் பண்ணினார், நாம் பக்கத்தில் டீ குடித்தோம் என்பது கேட்பவருக்குத் தெரியும். ஆங்கிலத்தில் “ஐ ரிப்பேர்ட் மை பைக்” என்றால் ஸ்பேனரைப் பிடித்தது நீங்களே. ஆகவே “ஐ காட் மை பைக் ரிப்பேர்ட்.” முடி வெட்டிக்கொண்டேன் என்பதற்கு “ஐ காட் மை ஹேர் கட்.” “ஐ கட் மை ஹேர்” என்றால் கண்ணாடி முன்னால் நின்று நீங்களே கத்தரி போட்டீர்கள் என்று அர்த்தம், சிலர் அனுதாபமாகப் பார்ப்பார்கள்.

சொல் வரிசையில் தவறாதீர்கள்: ‘கெட்’, பொருள், வினையின் மூன்றாம் வடிவம். அலுவலக வேலைகள் பாதி இந்த அச்சில்தான் நடக்கின்றன. “கெட் யுவர் ஆதார் அப்டேட்டட்.” “கெட் திஸ் அட்டெஸ்டட்.” “ஐ நீட் டு கெட் மை பாஸ்போர்ட் ரின்யூட்.” ஜெராக்ஸ் எடுத்து வா என்பதை இந்தியாவில் “கெட் திஸ் ஜெராக்ஸ்ட்” என்பார்கள், இங்கிலாந்து போனால் ‘ஃபோட்டோகாப்பிட்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

நடுவில் பொருளுக்குப் பதில் ஆள் வந்தால், அவரைச் செய்ய வைத்தேன் என்று பொருள். அப்போது ‘டு’ சேரும். “ஐ காட் மை பிரதர் டு டிரைவ்”, அண்ணனை ஓட்ட வைத்தேன். ‘செய்ய வைப்பது’ என்று தமிழில் ஒரே அச்சில் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் எப்படி வைத்தீர்கள் என்பதற்கேற்ப வினை மாறும். பேசிக் கெஞ்சி இணங்க வைத்தால் ‘காட் ஹிம் டு சைன்’. வற்புறுத்தினால் ‘மேட் ஹிம் சைன்’. அவருடைய வேலையே அதுதான், சொன்னேன், செய்தார் என்றால் ‘ஹேட் ஹிம் சைன்’. ‘டு’ முதல் ஒன்றுக்கு மட்டுமே.

படி 5: ‘டு’வும் வினையும் வந்தால்

“ஐ காட் டு சீ தி தாஜ் மஹால்” என்றால் தாஜ்மகாலைப் பார்க்க வாய்த்தது. “ஐவ் காட் டு சீ தி தாஜ் மஹால்” என்றால் அதை நான் பார்த்தே ஆக வேண்டும். எழுத்தில் ஒரு ‘வ்’தான் வேறுபாடு, ஒன்று கிடைத்த வாய்ப்பு, மற்றது கட்டாயம். வேகமான பேச்சில் அந்த ‘வ்’ விழுங்கப்பட்டு, கட்டாயத்துக்கான வடிவம் ‘காட்டா’ என்று கேட்கும்: “ஐ காட்டா கோ”, நான் கிளம்பணும். ஆகவே ‘காட்டா’ என்று குழைந்து ஒலித்தால் கட்டாயம். ‘காட் டு’ என்று பிரிந்து ஒலித்து, பேச்சு நடந்து முடிந்ததைப் பற்றி இருந்தால் வாய்ப்பு.

‘ஹேவ் காட்’ பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். “ஐவ் காட் டூ சிஸ்டர்ஸ்” என்றால் யாரும் எங்கும் எதையும் பெறவில்லை. எனக்கு இரண்டு அக்கா தங்கைகள் இருக்கிறார்கள், அவ்வளவே. ‘ஹேவ்’ என்பதன் பேச்சு வடிவம் இது. மாற்றம்தான் அடிப்படை என்று மேலே சொன்னதற்கு இது ஒரு விலக்கு. “ஹேவ் யூ காட் சேஞ்ச்?”, சில்லறை இருக்கிறதா? இறந்தகாலத்துக்கு இதை இழுக்க வேண்டாம். முன்பு இருந்தது என்பதற்கு ‘ஹேட்’ என்றால் போதும்.

‘கெட் டு நோ’ என்றால் பழகப் பழகத் தெரிந்துகொள்வது. ‘கெட் யூஸ்ட் டு’ என்றால் பழகிப்போவது. இந்த ‘டு’வுக்குப் பின்னால் மட்டும் ‘இங்’ வடிவம் வர வேண்டும்: “ஐ ஆம் கெட்டிங் யூஸ்ட் டு வேக்கிங் அப் எர்லி.” ‘டு வேக் அப்’ என்றால் பிழை. ஏன் என்று இலக்கணம் விளக்கினால் ஒரு பக்கம் போகும். வாக்கியத்தை அப்படியே நாலு முறை சொல்லிப் பாருங்கள், காது பழகிவிடும்.

படி 6: துண்டுச் சொற்கள்

இவற்றில் பட்டியல் போட்டால் முடிவே இருக்காது. பேச்சில் தினமும் புழங்குபவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘வேக் அப்’ கண் விழிப்பது, ‘கெட் அப்’ படுக்கையை விட்டு எழுவது. இரண்டுக்கும் நடுவில் அரை மணி நேரம் போகலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். ‘கெட் பேக்’ திரும்பி வருவது. அலுவலகத்தில் “ஐல் கெட் பேக் டு யூ” என்றால் பிறகு பதில் சொல்கிறேன். அந்தப் பிறகு எப்போது என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. ‘கெட் அலாங்’ ஒத்துப்போவது: மாமியாரும் மருமகளும் ஒத்துப்போகிறார்கள் என்றால் “தே கெட் அலாங்”, இங்கிலாந்தில் ‘கெட் ஆன்’ என்பார்கள். ‘கெட் ஓவர்’ காய்ச்சலிலிருந்தோ துக்கத்திலிருந்தோ மீள்வது. ‘கெட் பை’ இருப்பதை வைத்துச் சமாளிப்பது: “வி கெட் பை ஆன் ஒன் சேலரி.” ‘கெட் அவே வித்’ தப்பு செய்துவிட்டு மாட்டாமல் தப்புவது, இதற்கு ஈடாகத் தமிழில் ஒற்றை வினை கிடையாது, ஆகவே கேட்டதும் பிடிபடாது, முழுதாகவே நினைவில் வையுங்கள். ‘கெட் ரிட் ஆஃப்’ ஒழித்துக்கட்டுவது. கொசுவுக்கும் பழைய சோபாவுக்கும் பொருந்தும். விருந்தாளிக்கும் சொல்லலாம், அவர் காதில் விழாமல்.

எங்கே ‘கெட்’ வேண்டாம்

பேச்சில் எவ்வளவு தாராளமோ, அலுவலகக் கடிதத்தில் அவ்வளவு சிக்கனம். நண்பருக்கு “ஐ காட் யுவர் மெயில்”. மேலதிகாரிக்கோ வங்கிக்கோ எழுதினால் ‘ரிசீவ்ட்’. சான்றிதழ் பெற்றேன் என்பதற்கு ‘அப்டெய்ன்ட்’, ஆனது என்பதற்கு ‘பிகேம்’, வந்து சேர்ந்தது என்பதற்கு ‘அரைவ்ட்’. இப்படி மாற்றினால் கடிதம் தன்னால் மிடுக்காகிவிடும். தலைகீழாகவும் கவனம் தேவை: டீக்கடையில் “ஐ வுட் லைக் டு அப்டெய்ன் எ டீ” என்று யாரும் சொல்வதில்லை.

கடைசிப் படி: வாயால் செய்து பாருங்கள்

இந்த ஆறு வாக்கியங்களையும் பதிலைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். அவருக்கு அரசு வேலை கிடைத்தது. நேற்று முடி வெட்டிக்கொண்டேன். இந்தப் பஸ்ஸில் ஏறித் தாம்பரத்தில் இறங்குங்கள். வர வர இங்கிலீஷ் எளிதாகிறது. அப்பாவைச் சம்மதிக்க வைத்துவிட்டேன். நீங்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை.

முதலாவது “ஹி காட் எ கவர்ன்மென்ட் ஜாப்”. ‘அவருக்கு’ என்பது ‘ஹி’ ஆனதா என்று பாருங்கள். அடுத்தது “ஐ காட் மை ஹேர் கட் எஸ்டர்டே”. பஸ்ஸுக்கு “கெட் ஆன் திஸ் பஸ் அண்ட் கெட் ஆஃப் அட் தாம்பரம்”. நான்காவது “இங்கிலீஷ் இஸ் கெட்டிங் ஈசியர் அண்ட் ஈசியர்”. அப்பாவுக்கு “ஐ காட் மை ஃபாதர் டு அக்ரீ”. ‘மேட்’ போட்டிருந்தால் அப்பாவை மிரட்டியிருக்கிறீர்கள். ஆறாவதற்கு “சாரி, ஐ டிடின்ட் கெட் தட்”. இதற்குக் காதில் விழவில்லை என்றும் பொருள், புரியவில்லை என்றும் பொருள். எதிரில் இருப்பவர் எப்படி எடுத்துக்கொண்டாலும் இன்னொரு முறை சொல்லிவிடுவார்.